வேலூர் வெயிலுக்கும் கரண்டுக்கும் தாங்குகிற பட்ஜெட் கேமிங் பிசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பிழைப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய சிநேகிதர்களுக்கும் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது பழக்கமாகிவிட்டது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் போன் ஓயாது. கேட்பதும் அநேகமாக அதே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யூடியூபில் பார்க்கிற 'பட்ஜெட் பில்டு' எல்லாம் ஏசி ரூமில், ஆடாத கரண்டில் ஓடுகிறவை. நம்முடையது மொட்டை மாடி ரூமில், மே மாதத்தில், வோல்டேஜ் ஏறி இறங்கும்போதும் ஓடியாக வேண்டும். பதில்களில் திரும்பத் திரும்ப இந்தப் பேச்சு வந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

அண்ணா, 60,000 ரூபாய்க்குள்ள நல்ல கேமிங் பிசி முடியுமா?

முடியும். அந்த 60,000 எதற்கெல்லாம் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் சேர்த்தா, பெட்டி மட்டுமா? பாதிப் பேருக்குப் பெட்டி தயாரான பிறகுதான் மானிட்டர் ஞாபகம் வருகிறது. பிறகு அண்ணனுடைய பழைய 19 இன்ச் மானிட்டரை மாட்டிக்கொண்டு, "கார்டு சரியில்லண்ணா" என்று எனக்குப் போன்.

பெட்டிக்கு மட்டும் 60,000 என்று வைத்துக்கொள்வோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் பங்கு சொல்கிறேன். நூறு ரூபாய் இருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு 37, பிராசசருக்கு 17, ராமுக்கு 15, மதர்போர்டுக்கு 11, எஸ்எஸ்டிக்கு (கேமும் ஃபைலும் சேமிக்கிற டிரைவ்) 8, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (எல்லாப் பாகத்துக்கும் கரண்டு கொடுக்கிற டப்பா) 7, கேபினட்டுக்கு 5. ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே போகலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் 7 ரூபாயில் மட்டும் கை வைக்காதீர்கள். கார்டுக்குக் கொஞ்சம் குறைந்தால் எஸ்எஸ்டியில் குறையுங்கள், கேபினட்டில் இருக்கிற கலர் லைட்டில் குறையுங்கள்.

முதல்ல எதை முடிவு பண்ணணும்? பிராசசரா, கார்டா?

இரண்டும் இல்லை. எந்த கேம், எந்த மானிட்டர் என்பதை முடிவு செய்யுங்கள். வேலரண்ட், சிஎஸ் 2 மாதிரி போட்டி கேம்தான் ஆடுவேன் என்றால் பிராசசருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். அவை கார்டைப் பெரிதாகக் கேட்காது, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறுகிற) மானிட்டர் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரெட் டெட் 2, சைபர்பங்க் மாதிரி கதை கேம்களுக்கு மொத்தப் பாரமும் கார்டின் தலையில். இந்த பட்ஜெட்டுக்கு 1080பி, 24 இன்ச், ஐபிஎஸ் பேனல், 100 ஹெர்ட்ஸுக்கு மேல் என்று ஒரு மானிட்டர் போதும். 4கே என்று கடைக்காரர் ஆரம்பித்தால் ஒரு கும்பிடு போட்டு வெளியே வாருங்கள்.

பிராசசர் எது? ஏஎம்டியா, இன்டெலா?

கட்சிச் சண்டை வேண்டாம். இந்த விலையில் மூன்று பேர்: ரைசன் 5 5600, ஐ5 12400எஃப், ஐ3 12100எஃப். முதல் இரண்டும் 6 கோர், 12 திரெட்; மூன்றாவது 4 கோர், 8 திரெட். மூன்றுமே 2022-இல் வந்தவை. பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம், இந்த அளவு கார்டுக்கு இவை தாராளம். பணம் ரொம்ப இறுக்கம் என்றால் 12100எஃப். இல்லாவிட்டால் 5600, 12400எஃப் இரண்டில் எது போர்டோடு சேர்த்து மலிவாக வருகிறதோ அது.

இன்டெலில் பெயர்க் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-க்கும் கிடையாது. இவற்றில் தனிக் கார்டு மாட்டாமல் திரையில் எதுவும் வராது.

'டிரே' பிராசசர் என்று பெட்டி இல்லாமல் ஐந்நூறு ஆயிரம் குறைத்துக் கொடுப்பார்கள். அதில் கூலர் வராது. 5600-க்கும் 12400எஃப்-க்கும் பெட்டியோடு ஒரு கூலர் வரும். தனியாக வாங்குவதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சாக்கெட்) போர்டு வாங்கினால் நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏஎம்5-இல் டிடிஆர்5 (புதிய தலைமுறை ராம்) மட்டுமே போகும். இன்றைய ராம் விலையில் அந்தக் கூடுதல் செலவு கார்டின் பங்கைத் தின்றுவிடும். பட்ஜெட் 80,000-க்கு மேல் போகும்போது அதைப் பற்றிப் பேசலாம்.

இப்போ கார்டு வாங்காம 5600ஜி போட்டுட்டு, அப்புறமா கார்டு போடலாமா?

நம்ம ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கார்டு இல்லாத கேமிங் பிசியையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார், அதனால் கார்டும் பிறகு வரும் என்று நம்புவதில் தப்பில்லை.

5600ஜி என்பது உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் பிராசசர். ஆறு மாதத்துக்குள் கார்டு நிச்சயம் என்றால் அது வேண்டாம். அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கிற வேகமான சின்ன மெமரி) 16 எம்பி, 5600-க்கு 32 எம்பி. பிசிஐஇ-யும் (பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போகிற பாதை) 3.0 தான். கார்டு போட்ட பிறகு 5600-ஐவிடக் கொஞ்சம் பின்தங்கும். கார்டு எப்போது என்றே தெரியாது, வேலரண்டும் ஜிடிஏ 5-உம் லோ செட்டிங்கில் ஓடினால் போதும் என்றால் 5600ஜி சரி. அப்போது ராம் கட்டாயம் இரண்டு குச்சி. உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமில்தான் வாழ்கிறது. ஒற்றைக் குச்சி போட்டால் ஒரே லேனில் லாரி ஓட்டுகிற மாதிரி.

கார்டு?

ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். 1080பி-யில் பெரும்பாலான கேம்களை ஹை செட்டிங்கில் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 60 படம்) மேல் ஓட்டும். வாட் குறைவு என்பது நமக்கு இரட்டை லாபம்: எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பாரம் குறைவு, ரூமும் கொதிக்காது.

கொஞ்சம் கூடக் காசு இருந்தால் ஆர்எக்ஸ் 7600, அல்லது ஆர்டிஎக்ஸ் 4060. 4060-க்கு 115 வாட்தான். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்று படிப்புக்கும் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு என்விடியா கார்டு சௌகரியம். அந்த மென்பொருள்கள் அதில் நன்றாக ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அது 170 வாட். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி மெமரி இருக்கிறது. பயாஸில் (போர்டின் உள் செட்டிங் மெனு) ரெசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரேயடியாகத் தொடவிடுகிற வசதி) ஆன் ஆகாத பழைய போர்டில் அதை மாட்டினால் காசு வீண்.

ஆர்டிஎக்ஸ் 3050-இல் ஒரு குழப்பம். 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று, பெயர் ஒன்றே. 6 ஜிபி கார்டு வெறும் மெமரி குறைந்த தம்பி இல்லை, சிப்பே வலு குறைவு. 70 வாட்டில் ஓடும், தனி கனெக்டர் தேவையில்லை என்பது மட்டும் அதன் பலம். பழைய ஆபீஸ் பிசிக்கு உயிர் கொடுக்க உதவும், புதிதாகக் கட்டுகிற பிசிக்கு வேண்டாம்.

4 ஜிபி கார்டு எதுவும் வேண்டாம். ஜிடி 710, ஜிடி 730 என்று '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' காட்டினால் அது கேம் ஆட அல்ல, மானிட்டரில் படம் வர மட்டும். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்கள் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடுகிற வசதி) இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. அதற்குக் குறைந்தபட்சம் என்று சொல்லியிருக்கிற ஏஎம்டி கார்டே ஆர்எக்ஸ் 6600 தான்.

ராம் விலை ஏன் இப்படி? 8 ஜிபி போட்டுச் சமாளிக்கலாமா?

2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. நூறில் ஆறேழு ரூபாயில் முடிந்துகொண்டிருந்த சாமானுக்குத்தான் மேலே 15 ஒதுக்கினேன்.

இருந்தாலும் 8 ஜிபி போதாது. விண்டோஸ், டிஸ்கார்டு, பிரவுசரில் நாலு டேப் திறந்ததுமே பாதி காலி. 16 ஜிபி, டிடிஆர்4, 3200, இரண்டு 8 ஜிபி குச்சியாக. காசே இல்லை என்றால் ஒரு 8 ஜிபி போட்டு ஆரம்பித்து, பொங்கல் காசு வந்ததும் அதே கம்பெனி, அதே வேகத்தில் இன்னொன்று. பழைய ராம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கக்கூடியது ராம்தான். கெட்டுப்போவது அபூர்வம், சோதிப்பதும் சுலபம்.

மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதில் எழுதியிருக்கிற வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் பல 3200 குச்சிகள் 2133 அல்லது 2666-இல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு வருடம் அப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் எதா இருந்தா என்ன, கேபினட்டோடயே 500 வாட் வருதே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

என் முதல் பிசியில் அப்படிக் கேபினட்டோடு வந்த ஒன்றுதான் இருந்தது. பெட்டியில் பெரிதாக 500 வாட் என்று போட்டிருந்தது. கையில் எடுத்தால் டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. ஒரு மே மாதச் சாயங்காலம், கரண்டு போய் வந்தது. வந்த வேகத்தில் ட்யூப் லைட் ஒரு நொடி பளீரென்று எரிந்தது, பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு ஊசிப் பட்டாசு வெடித்த இடத்தில் வருகிற வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது மட்டுமில்லை, போகிற போக்கில் போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. ஹார்டு டிஸ்க்கில் தங்கச்சி கல்யாண போட்டோ. கடைக்காரர் நல்ல மனிதர்தான், "எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாரண்டி இருக்கு, மாத்தித் தரேன். மத்தது போனதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

பிறகு அந்த லேபிளை நிதானமாகப் படித்தேன். நீங்களும் படியுங்கள். பக்கவாட்டில் ஒரு கட்டம் இருக்கும்: +3.3வி, +5வி, +12வி என்று. பிராசசரும் கார்டும் கரண்டு எடுப்பது +12வி-யில் இருந்துதான். அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். என்னுடையதில் 16ஏ. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். 500 வாட் பெட்டியில் உபயோகமான வாட் 192! ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 35ஏ-க்கு மேல் இருக்கும், அதாவது 420 வாட்டுக்கு மேல். முள் கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுகிறோமா? இதையும் திருப்பிப் பாருங்கள்.

கணக்கு இவ்வளவுதான்: 5600-க்கு அதிகபட்சம் 80 வாட் போல, ஆர்எக்ஸ் 6600-க்கு 132, போர்டு, ராம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் ஒரு 50. மொத்தம் 260 சொச்சம். நல்ல 450 வாட் போதும். 3060 என்றால் 550. '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை, பெயர் தெரிந்த கம்பெனி, குறைந்தது 3 வருட வாரண்டி (5 வருடம் என்றால் இன்னும் நல்லது). 80 பிளஸ் முத்திரை சொல்வது எவ்வளவு கரண்டு வீணாகிறது என்பதை மட்டும்தான். பாதுகாப்புக்கு அது ஜாமீன் இல்லை. ஆனால் முத்திரையே இல்லாததை நான் தொடுவதில்லை.

யுபிஎஸ் வேணுமா? வீட்ல இன்வர்ட்டர் இருக்கே.

இன்வர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டினால் உறுமும், சிலது ஆஃப் ஆகிவிடும். சைன் வேவ் இன்வர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஓட்டலாம். சாதா மோடில் மாறுவதற்கு எடுக்கிற நேரத்தில் பிசி ரீஸ்டார்ட் ஆகும்.

யுபிஎஸ் வாங்குவதென்றால் 600 விஏ என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று எண்ணாதீர்கள். அது பொதுவாக 360 வாட். கேம் ஓடும்போது பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 300-ஐத் தொட்டால் மூச்சு வாங்கும், கரண்டு போன நொடியில் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1 கேவிஏ எடுங்கள். அதில் இருக்கும் ஏவிஆர், லோ வோல்டேஜையும் ஹை வோல்டேஜையும் சமன் செய்யும், தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ்ஸை நம்பி மேட்ச் ஆரம்பிக்காதீர்கள். அது சேவ் செய்துவிட்டு ஷட்டவுன் செய்வதற்குத்தான்.

கேபினட்டைத் தொட்டா சுர்ருனு ஷாக் அடிக்குது. பிசி ரிப்பேரா?

பிசி நன்றாகத்தான் இருக்கிறது, எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டுகிற சின்ன கபாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் கம்பி இல்லாவிட்டால் அது போக வழியின்றி கேபினட்டில் நிற்கும். 230-இல் பாதி, 115 வோல்ட் போல இருக்கும். கரண்டு மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்காது, சுர் என்று மட்டும் இருக்கும். ஆனால் மானிட்டர் கேபிளை அந்த நிலையில் சொருகினால் கார்டின் போர்ட் போகலாம்.

நம்ம ஊர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் குழி இருந்தாலும் கோடையில் காய்ந்து போகும். பாலாறே காய்கிற ஊரில் ஒரு முழக் குழி என்ன செய்யும்? உப்பும் கரியும் போட்ட குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. மரப் பலகை மேல் காலை வைத்துக்கொண்டு ஆடுவது தீர்வு இல்லை, தம்பி.

கேம் ஆடிகினு இருக்கும்போதே பிசி ஆஃப் ஆயிடுது. சம்மர்ல மட்டும்தான். இன்னா பண்றது?

சூடு. கூலர் என்பது சிப்பின் சூட்டை ரூம் காற்றுக்குத் தள்ளிவிடுகிற சாமான், அவ்வளவுதான். ஏசி ரூமில் 25 டிகிரி இருக்கும்போது சிப் 70 காட்டினால், அதே பிசி 38 டிகிரி ரூமில் 83-ஐத் தொடும். 5600-க்கு உச்ச வரம்பு 90, 12400எஃப்-க்கு 100. வரம்பை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்போது எஃப்பிஎஸ் இறங்கும். சும்மா ஆஃப் ஆவதற்கு மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸும் காரணமாக இருக்கலாம், அதுவும் சூட்டில்தான் கையை விரிக்கும்.

வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணிக்குத்தான் ரூமுக்குள் இறக்கும், நம் பிள்ளைகள் கேமுக்கு உட்காருவதும் அப்போதுதான். ஆகவே கேபினட் வாங்கும்போது முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். முன்னால் இரண்டு 120 எம்எம் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பல மலிவுக் கேபினட்களில் முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்டு, உள்ளே மூன்று கலர் ஃபேன் சுற்றும். காற்று வர ஒரு விரல் இடைவெளிகூட இருக்காது. ஜன்னலை மூடிவிட்டு ஃபேன் போட்ட கதை. எதுவும் வாங்க வழியில்லாவிட்டால் மே மாதம் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பல்லி ஜாக்கிரதை. பின்பக்கம் ஸ்லாட் மூடி இல்லாத ஒரு பிசியில் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டிக்காய்ந்த பல்லியை நானே எடுத்திருக்கிறேன்.

கேமில் எஃப்பிஎஸ்ஸை 60 அல்லது 75-இல் பூட்டி வையுங்கள். கார்டு தேவையில்லாமல் 140 ஓட்டி ரூமைச் சூடாக்காது. காசு செலவில்லாத வைத்தியம்.

தூசிக்கு வருவோம். ஹைவேயை ஒட்டி வீடு, ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முன் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். வருடத்தில் இரண்டு தடவை முழுதாகச் சுத்தம்: போகிக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று, தேதி மறக்காது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் போகும். பூஜையன்று அம்மா சந்தனம் குங்குமம் வைப்பார், கேபினட் மேல் வைக்கட்டும், ஃபேன் வலையில் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மதர்போர்டும் எஸ்எஸ்டியும்?

5600-க்கு பி450 அல்லது பி550. ஏ520-உம் ஓடும். பி450, ஏ520 இரண்டிலும் கார்டுக்கு பிசிஐஇ 3.0 தான். 12400எஃப்-க்கு எச்610 போதும், ராம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ராமைப் பார்த்து போர்டு வாங்குங்கள், ஒன்றில் மற்றது சொருகாது.

எஸ்எஸ்டி 500 ஜிபி, எம்.2 என்விஎம்இ (போர்டிலேயே சொருகுகிற வேகமான வகை). ஒரு பெரிய கேம் 100 ஜிபி கேட்கிறது, அதனால் முடிந்தால் 1 டிபி. ஜென்3-ஆ ஜென்4-ஆ என்று கேம் ஆடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

எங்க வாங்கறது? வேலூரா, ரிச்சி தெருவா, ஆன்லைனா?

மூன்றிலும் வாங்கியிருக்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். காலையில் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். முழு பிசியும் ஒரே நாளில் வாங்குவதென்றால் இந்த அலைச்சலுக்கு லாபம் உண்டு. நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு, கடைசியில் முதல் கடையிலேயே வாங்குவீர்கள், அது வேறு விஷயம்.

எஸ்எம்பிஎஸ், கேபினட், யுபிஎஸ் மூன்றையும் ஊரிலேயே வாங்குங்கள். கனமான சாமான், அடிபட்டு வந்தால் திருப்பி அனுப்புவது தலைவலி. யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தீரும்போது பக்கத்துக் கடைக்காரர் வேண்டும்.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். "பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம்" என்பது இனிக்கும். கார்டுக்கு 3 வருட வாரண்டி, அது இரண்டாவது வருடம் போனால் அந்தச் சீட்டு இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் என்ன சொல்வீர்கள்? வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வருகிற கார்டுக்கும் இங்கே வாரண்டி கிடைப்பது கஷ்டம்.

ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட ஐ5 பிசி 8,000-க்குக் கிடைக்குது. அதுல கார்டு போட்டா?

எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 'ஐ5' என்பது குடும்பப் பெயர் மட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறை தொடங்கித்தான் அதிகாரப்பூர்வ அனுமதி, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். வேலரண்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (பயாஸில் இருக்கிற இன்னொரு பாதுகாப்பு செட்டிங்) இல்லாமல் உள்ளேயே விடாது. ஆகவே 8-க்குக் கீழே தொடாதீர்கள். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் சொந்த அளவில் இருக்கும், மாற்ற முடியாது, உயரம் குறைந்த கார்டு மட்டும் நுழையும். மேலே வேண்டாம் என்று சொன்ன 3050 6 ஜிபி இங்கேதான் பொருந்தும்.

பழைய கார்டு தனியாக வாங்குவதென்றால், விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'ஆர்எக்ஸ் 580 புதுசு, 8 ஜிபி' என்று ஆன்லைனில் வருவது பெரும்பாலும் மைனிங்கில் உழைத்து, கழுவித் துடைத்து, புதுப் பெட்டியில் வந்த 2017 காலத்துச் சரக்கு.

பையன் கேம் பிசி வேணும்ங்கறான். கரண்டு பில் எவ்ளோ ஏறும் சார்? (ஒரு அப்பா கேட்டது)

கேம் ஓடும்போது பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 275 வாட் என்று வையுங்கள் சார். தினம் நாலு மணி நேரம் என்றால் 1.1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 66 யூனிட். உங்கள் வீட்டில் ஏசி இல்லாமல் இலவச யூனிட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஏற்றம் பில்லில் தெரியும். ஏற்கெனவே 450 ஓடுகிற வீடு என்றால் 500-ஐத் தாண்டவிடும், அங்கே ரேட்டே மாறும். நாலு மணி நேரத்தை இரண்டாக்கச் சொல்வது உங்கள் பொறுப்பு, அதற்கு என்னிடம் பாகம் இல்லை.

நானே அசெம்பிள் பண்ணலாமா? பயமா இருக்கு.

பண்ணலாம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, ஒரு மத்தியானம். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே: பிராசசர். ரைசன் 5600-இன் அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும், இன்டெலில் அதே பின்கள் போர்டில் இருக்கும். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக உட்காரும். விரலால் அழுத்தவே கூடாது. உட்காரவில்லை என்றால் எடுத்துத் திரும்ப வையுங்கள்.

நாளைக்கு 5600-இன் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால் பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் பிசியை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, பூட்டிய ஜாடி மூடி திருகுவது போல இப்படியும் அப்படியும் திருகி எடுங்கள்.

ராம் இரண்டு குச்சி, போர்டில் நாலு ஸ்லாட் என்றால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4. பிராசசருக்குப் போகிற 8 பின் கேபிளும் கார்டுக்குப் போகிற 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேறு வேறு. வலுக்கட்டாயமாகச் சொருக வேண்டியிருந்தால் தப்பான கேபிளைப் பிடித்திருக்கிறீர்கள்.

எல்லாம் மாட்டிட்டேன், ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல ஒண்ணுமே வரல!

ராத்திரி பதினொன்றரைக்கு வருகிற போன் இது. கார்டுக்கு 8 பின் பவர் போட்டீர்களா என்று கேட்பேன், ராமைக் கழற்றி 'க்ளிக்' சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தச் சொல்வேன். அதற்கு முன்னால், பெட்டியின் பின்பக்கம் போய் எச்டிஎம்ஐ கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டு. கழற்றி, கீழே படுக்கையாக இருக்கிற கார்டில் சொருகுங்கள். போனில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இருக்காது. பிறகு, "வந்துடுச்சுண்ணா."